ஆர்.சி. கார் ரேஸில் சுற்றுக்குச் சுற்று ஒரே சீராக ஓட்ட: குமரி மாவட்டத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆர்.சி. கார் ரேஸுக்கு, அதாவது ரிமோட்டில் ஓட்டும் சின்னக் கார்களின் ரேஸுக்கு, புதிதாக வருபவர்கள் தோற்பது பெரும்பாலும் வேகம் போதாமல் இல்லை. இரண்டு சுற்று அருமையாக ஓட்டிவிட்டு மூன்றாவதில் கவிழ்த்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட ரேஸ். ஒருவர் சுற்றுக்கு 20 விநாடியில் பறக்கிறார், ஆனால் இரண்டு தடவை கவிழ்ந்து, தடவைக்கு 8 விநாடி இழக்கிறார். 15 சுற்று முடிக்க அவருக்கு 316 விநாடி ஆகும். இன்னொருவர் நிதானமாக எல்லாச் சுற்றையும் 20.8 விநாடியில் முடிக்கிறார். அவருக்கு அதே 15 சுற்றுக்கு 312 விநாடி. சுற்றுக்கு முக்கால் விநாடிக்கும் மேல் மெதுவாக ஓட்டியவர்தான் முன்னால் வருகிறார்.

நாகர்கோவிலில் இருந்துகொண்டு இதைப் பழகியபோது எனக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ள பக்கத்தில் ஆள் இல்லை. எங்கே வாங்குவது, பார்சல் ஏன் வரவில்லை, எந்த மைதானத்தில் விடுவார்கள், மழைக்கு முன் எத்தனை வாரம் கிடைக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் அலைந்துதான் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

1. ஸ்பேர் கிடைக்குமா என்று பார்த்துவிட்டு வண்டி வாங்குங்கள்

பொம்மைக் கடையில் கிடைக்கும் ரிமோட் காரில் ரேஸ் பழக முடியாது. அதன் ஸ்டீயரிங் முழுசாகத் திரும்பும், அல்லது திரும்பவே திரும்பாது. ரேஸுக்கு வேண்டியது, விரலை எவ்வளவு திருப்புகிறோமோ அவ்வளவு மட்டும் சக்கரம் திரும்புகிற, பாகங்கள் தனித்தனியாக விலைக்குக் கிடைக்கிற ஹாபி வகை வண்டி. நம் பக்கத்து மைதானங்கள் பெரும்பாலும் செம்மண் என்பதால் மண்தரையில் ஓடச் செய்த ஆஃப்-ரோடு பக்கி வகைக் கார் நல்லது. 1:14 அல்லது 1:10 அளவு (நிஜக் காரில் பதினான்கில் அல்லது பத்தில் ஒரு பங்கு), நான்கு சக்கர இழுவை, சாதாரண பிரஷ்டு (கார்பன் பிரஷ் உள்ள) மோட்டார், 2எஸ் லைப்போ (இரண்டு செல் லித்தியம்-பாலிமர்) பேட்டரி. ஆரம்பத்துக்கு இது தாராளம். 3எஸ் பேட்டரி போட்டால் 60 கிலோமீட்டர் வேகம் போகும் என்று யாராவது ஆசை காட்டினால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

நைட்ரோ எஞ்சின் வண்டி முதல் வண்டியாக வேண்டவே வேண்டாம். அதன் எரிபொருளில் மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் இருக்கின்றன. ரயிலில் தீப்பற்றும் பொருளைக் கொண்டுபோவது குற்றம். வெளியூர் போட்டிக்கு எப்படிக் கொண்டுபோவீர்கள்? சத்தம் வேறு. மைதானம் தருகிறவர்கள் முதலில் கேட்பதே "சத்தம் வருமா தம்பி?" என்றுதான்.

செலவு சுமாராக இப்படி வரும் (கடைக்குக் கடை மாறும்):

- வண்டியும் ரிமோட்டும் சேர்த்து 1:14 என்றால் ₹12,000 முதல் ₹20,000 வரை. பெயர்பெற்ற கம்பெனியின் 1:10 என்றால் ₹30,000-க்கு மேல்.
- கூடுதலாக ஒரு 2எஸ் பேட்டரி, ₹2,000 முதல் ₹4,000 வரை.
- பேலன்ஸ் சார்ஜர் (எல்லாச் செல்லையும் சமமாக ஏற்றுவது), ₹2,500 முதல் ₹4,500 வரை. வண்டியோடு வரும் யு.எஸ்.பி. சார்ஜரை நம்பிப் பயிற்சி நடக்காது. ஒரு பேட்டரிக்கே பாதி நாள் போய்விடும்.
- லைப்போ பை (பேட்டரியை வைக்கும் தீத்தடுப்புப் பை), அறுகோணச் சாவிகள், பசை, நட்டு போல்ட்டு எல்லாம் சேர்த்து ₹2,000.
- உடையப்போகும் பாகங்களுக்கு என்று தனியாக ₹3,000 எடுத்து வைத்துவிடுங்கள். முன் ஆர்ம் (முன்சக்கரத்தைத் தாங்கும் கை) உடையும், ஸ்பர் கியர் (மோட்டார் கியர் சுற்றிவிடும் பெரிய பல்சக்கரம்) பல் போகும், சர்வோ (ஸ்டீயரிங்கைத் திருப்பும் சின்ன மோட்டார்) கியர் தேயும்.

பணம் கட்டுவதற்கு முன் அந்த வண்டியின் பெயரோடு முன் ஆர்ம், ஸ்பர் கியர், டாக்போன் (சக்கரத்தைச் சுற்றவைக்கும் தண்டு) என்று தேடிப் பாருங்கள். மூன்றும் இந்தியாவிலேயே கையிருப்பில் கிடைத்தால் வாங்கலாம். இல்லையென்றால் ₹300 பாகம் ஒன்றுக்காக வண்டி மாதக்கணக்கில் அலமாரியில் கிடக்கும். பழைய வண்டி வாங்கினால் பேட்டரியைக் கையில் வாங்கிப் பாருங்கள். கொஞ்சம் உப்பியிருந்தாலும் பேட்டரிக்கு விலை கொடுக்காதீர்கள்.

2. பார்சல், பில், காகிதங்கள்

முடிந்தவரை இந்தியாவில் உள்ள கடையிலேயே வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும் ஐ.ஜி.எஸ்.டி.யும் சேரும். அதைவிடப் பெரிய தலைவலி ரிமோட். அது வயர்லெஸ் கருவி என்பதால், மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு தரும் ஈ.டி.ஏ. ஒப்புதல் இருக்கிறதா என்று கேட்டுப் பார்சலை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. ரிமோட் இல்லாத வெறும் ஸ்பேர் பார்சலுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அப்போதும் ஆதார் அல்லது பான் நகல், பணம் கட்டிய ரசீது, பொருளின் விலை தெரியும் ஆர்டர் பக்கம் மூன்றையும் ஒரே பி.டி.எஃப். ஆகப் போனில் வைத்திருங்கள். கூரியர்காரர் கேட்ட அன்றே அனுப்பினால்தான் நகரும்.

"விலையைக் குறைத்துப் போட்டு, பரிசு என்று எழுதி அனுப்புகிறேன்" என்று சில விற்பனையாளர்கள் சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள். சுங்கத்தில் விலையை அவர்களே மதிப்பிட்டு நிறுத்திவைத்தால், உண்மையான ரசீதைக் காட்டவும் முடியாது, காட்டாமல் இருக்கவும் முடியாது.

லைப்போ பேட்டரி ஆபத்தான சரக்குப் பட்டியலில் வருகிறது. அதனால் பொறுப்பான கடைகள் விமானத்தில் அனுப்பாமல் தரைவழியில் அனுப்புவார்கள். சென்னையிலிருந்து வண்டி முதலில் வந்துவிடும், பேட்டரி பின்னால் மெதுவாக வரும். போட்டிக்கு முந்தின வாரம் பேட்டரி ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருப்பது வீண்.

3. மைதானமும் மாதமும்

பக்கத்தில் நிரந்தர ட்ராக் வந்த பிறகு பழகலாம் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு பாஸ்கட்பால் கோர்ட் அளவு, அதாவது 28 மீட்டருக்கு 15 மீட்டர் இடம் இருந்தால் போதும். பள்ளி மைதானம், ஆலய மைதானம், வேனலில் வற்றிய குளத்தின் ஓரம் எதுவும் சரிதான்.

வாய்மொழியாகக் கேட்டு வாங்கிய அனுமதி நிலைக்காது. ஒரு வாரம் விடுவார்கள், அடுத்த வாரம் வேறொருவர் கேட்டை அடைத்துவிடுவார். தலைமை ஆசிரியருக்கோ பங்குப்பேரவைக்கோ ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். அதில் பேட்டரி வண்டி, எரிபொருள் கிடையாது, இன்ன கிழமை இன்ன நேரம், எத்தனை பேர், முடிந்ததும் மைதானத்தைக் கூட்டிச் சுத்தம் செய்துவிடுவோம் என்று எழுதுங்கள். பெயர், முகவரி, போன் எண் போட்டு, நகலில் ஒரு கையெழுத்து வாங்கிப் பையிலேயே வைத்திருங்கள். வாட்ச்மேன் மாறினாலும் அந்தக் காகிதம் பேசும். ஆலய மைதானம் என்றால் ஞாயிறு திருப்பலி நேரத்தையும் திருவிழா நாட்களையும் கேட்டு விலக்கிவிடுங்கள்.

மாதத்தைப் பொறுத்தவரை நமக்குக் கொடுப்பினை கொஞ்சம் குறைவு. தமிழ்நாட்டின் பல ஊர்கள் போல இல்லாமல், ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் இங்கே உண்டு. மண் காய்ந்து, மைதானம் உறுதியாக இருக்கும் நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. வண்டியை நவம்பரிலேயே வாங்கி, டிசம்பரில் வீட்டுக்குள் ரிமோட்டைப் பழகி, பொங்கலுக்கு மைதானத்தில் இறங்குவதுதான் என் யோசனை. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கத்து ஆட்களுக்கு இன்னொரு விஷயம். ஆனி ஆடிக் காற்றில் லேசான பக்கி குதித்தால் காற்றே புரட்டிப் போட்டுவிடும். அந்த மாதங்களில் எடுத்த நேரத்தை வைத்து உங்கள் திறமையை அளக்காதீர்கள்.

கடற்கரையில் மட்டும் ஓட்டாதீர்கள். மணவாளக்குறிச்சி, குளச்சல் பக்கத்து மணலில் இல்மனைட்டும் கார்னெட்டும் கலந்திருக்கின்றன. கார்னெட் தேய்ப்புத்தாள் செய்யப் பயன்படும் பொருள், அது கியருக்குள் போனால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். உப்பு ஈரத்தில் பேரிங்கும் துருப்பிடித்து இறுகிவிடும்.

4. வீட்டுக்குள் ரிமோட்டை அடக்குங்கள்

மைதானத்துக்குப் போகும் முன் செய்ய வேண்டிய வேலை இது. பெரும்பாலானவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வண்டியை ஒரு டப்பாவின் மேல் சக்கரம் தரையில் படாதபடி வையுங்கள்.

முதலில் ரிமோட்டை ஆன் செய்து, அப்புறம் வண்டியை ஆன் செய்யுங்கள். நிறுத்தும்போது வண்டி முதலில், ரிமோட் கடைசியில். இப்போது ஃபெயில்-சேஃப் சோதனை. சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போது ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். சக்கரம் தானாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ரிசீவர் (வண்டியில் சிக்னல் வாங்கும் பாகம்) அமைப்பைச் சரிசெய்யாமல் வெளியே எடுக்கவே கூடாது. 2 கிலோ வண்டி சிக்னல் இல்லாமல் ஓடினால் ஒரு குழந்தையின் கணுக்காலை உடைத்துவிடும்.

அடுத்து ஸ்டீயரிங். இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பும்போது சர்வோ "ங்ங்ங்" என்று முனகினால், சக்கரம் தடுக்கிய பிறகும் சர்வோ தள்ளிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ரிமோட்டில் எண்ட் பாயின்ட்டை, அதாவது எதுவரை திரும்பலாம் என்ற எல்லையை, குறைத்து முனகல் நிற்கும் இடத்தில் வையுங்கள். இதைச் செய்யாததால்தான் பல பேருக்குச் சர்வோ சீக்கிரம் போகிறது. உங்கள் ரிமோட்டில் எக்ஸ்போ (நடுப்பகுதியில் ஸ்டீயரிங் எவ்வளவு கூர்மையாகத் திரும்பும் என்பதை மாற்றும் அமைப்பு) இருந்தால் 20 சதவீதம் அளவில், நடுப்பகுதி மிருதுவாகும் பக்கமாக வையுங்கள். சில கம்பெனிகளில் அது கூட்டல் குறி, சிலவற்றில் கழித்தல் குறி. சக்கரத்தைப் பார்த்தே உறுதிசெய்யுங்கள்.

கடைசியாக, வேகம் கொடுக்கும் விசையான த்ராட்டிலின் எண்ட் பாயின்ட்டை 60 சதவீதத்துக்கு இறக்குங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. சுத்தமாகப் பத்துச் சுற்று ஓட்டும்வரை அது 60-லேயே இருக்கட்டும்.

5. ட்ராக் போட்டு, பத்துச் சுற்று

பழைய தோட்டக் குழாயைத் துண்டு போட்டு உள்விளிம்பு போடுங்கள். வளைவின் முனையில் கல், செங்கல் வைக்கவே கூடாது, ஆர்ம் நிற்காது. நம் ஊரில் அதற்கென்றே கிடைக்கிறது தேங்காய்த் தொண்டு. பாதித் தொண்டைக் கவிழ்த்து மண்ணில் லேசாக அமுக்கி வைத்தால், வண்டி இடித்தால் நகர்ந்துகொடுக்கும், பாகம் உடையாது, தூரத்திலிருந்தும் கண்ணுக்குத் தெரியும். வழியின் அகலம் 2 மீட்டர் இருக்கட்டும். ஒரு நீண்ட நேர்க்கோடு, ஒரு கொண்டை ஊசி வளைவு, இடமும் வலமுமாக நான்கைந்து திருப்பங்கள். குதிப்பு இப்போதைக்கு வேண்டாம். ட்ராக்கை ஒரு தாளில் வரைந்து, முனைகளுக்கு இடையே அடி அளந்து குறித்துவையுங்கள். அடுத்த வாரமும் அதே ட்ராக் போட்டால்தான் நேரத்தை ஒப்பிட முடியும்.

நிற்கும் இடம் முக்கியம். பள்ளி மேடை, ஆலயப் படிக்கட்டு என்று தரையைவிட உயரமான இடத்தில், ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நில்லுங்கள்.

இப்போது ஓட்டுவது. கண் வண்டியின் மேல் இருக்கக் கூடாது. வண்டிக்கு இரண்டு மீட்டர் முன்னால், அது போகப்போகிற இடத்தில் இருக்க வேண்டும். வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தால், வளைவு வந்த பிறகுதான் கை வேலை செய்யும். வண்டி உங்களை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தெரியும். புதியவர்கள் இடிக்கும் இடிகளில் பெரும்பங்கு அங்கேதான். இதற்கு ஒரே மருந்து, நீங்களே வண்டிக்குள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, எட்டு வடிவத்தில் மெதுவாக, உங்களை நோக்கி வரும் பாதி அதிகம் வருகிற மாதிரி, ஒரு பேட்டரி முழுக்க ஓட்டுவது. சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் இதைச் செய்தவருக்கும் செய்யாதவருக்கும் உள்ள வித்தியாசம் ஒரே மாதத்தில் தெரியும்.

வளைவுக்கு நேர்க்கோட்டிலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். பிரேக்கையும் திருப்பத்தையும் ஒன்றாகச் செய்தால் செம்மண்ணில் பின்பக்கம் சுழன்றுவிடும். வெளியே இருந்து உள்முனைக்கு அருகே வந்து, மறுபடி வெளியே வாருங்கள். உள்முனையை உரச வேண்டாம். ஒரு சாண் விட்டே போங்கள். அந்த ஒரு சாணால் இழக்கும் நேரம் பத்தில் ஒரு பங்கு விநாடிகூட இருக்காது. தொண்டில் இடித்தால் போவது ஐந்து விநாடி. ஸ்டீயரிங் நேராகும் வேகத்துக்கு ஏற்பத்தான் த்ராட்டிலை அழுத்த வேண்டும்.

ஒரு தடவை இடித்துவிட்டால் அடுத்த சுற்றை வேண்டுமென்றே மெதுவாக ஓட்டுங்கள். இழந்த நேரத்தைப் பிடிக்கிறேன் என்று கிளம்பினால் அடுத்த வளைவிலேயே இரண்டாவது இடி விழும். ஒற்றை இடியை யாரும் தாங்கிக்கொள்ளலாம், இரட்டை இடிதான் ரேஸைக் கெடுக்கும்.

குறிக்கோள் ஒன்றே: இடிக்காமல், கவிழாமல், தொடர்ந்து பத்துச் சுற்று. ஏழாவதில் இடித்தால் மறுபடி ஒன்றிலிருந்து. பத்து வந்த பிறகு த்ராட்டிலை 60-லிருந்து 70. அதிலும் பத்து வந்தால் 80. குதிப்பு மேடு வைப்பது அதற்கப்புறம்தான். அப்போது ஒன்று நினைவிருக்கட்டும்: காற்றில் இருக்கும்போது த்ராட்டில் கொடுத்தால் மூக்கு மேலே தூக்கும், பிரேக் பிடித்தால் மூக்கு கீழே இறங்கும்.

6. ஒரு நோட்டு போடுங்கள்

டிரான்ஸ்பாண்டர் (வண்டியில் மாட்டினால் சுற்று நேரத்தைத் தானாகப் பதியவைக்கும் கருவி) வாங்க வேண்டாம். போனில் உள்ள ஸ்டாப்வாட்ச்சின் லேப் பொத்தானை ஒருவர் அழுத்தினால் போதும். ஆள் இல்லையென்றால் கோட்டருகே போனை வைத்து வீடியோ எடுத்து, வீட்டில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

எழுத வேண்டியது இரண்டே எண்கள். பத்துச் சுற்றில் மிக வேகமான சுற்று, பத்தின் சராசரி. சிறந்த சுற்று 20.1, சராசரி 22.4 என்றால் இடைவெளி 2.3 விநாடி. இந்த இடைவெளியைக் குறைப்பதுதான் வேலை. அது ஒரு விநாடிக்குள் வரும்வரை சிறந்த சுற்றைப் பற்றி யோசிக்கவே யோசிக்காதீர்கள். நண்பர்களோடு பேசும்போது எல்லோரும் சிறந்த சுற்றைத்தான் சொல்வார்கள். நீங்கள் சராசரியைக் கேளுங்கள்.

பக்கத்தில் நேரம், மண்ணின் ஈரம், எந்த பேட்டரி, எந்த டயர் என்று நான்கு வார்த்தை சேர்த்துவிடுங்கள். காலை ஏழு மணிக்குப் பனி ஈரத்தில் செம்மண் நன்றாகப் பிடிக்கும். பத்து மணிக்கு மேல் பொடியாகி வழுக்கும். இதைக் குறிக்காவிட்டால், மண் மாறியதற்கு வண்டியைக் குற்றம் சொல்லி ஸ்பிரிங் மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

7. வண்டியில் கை வைப்பது எப்போது

சராசரி நிலையாக வந்த பிறகுதான். அதுவும் ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். மாற்றி, பத்துச் சுற்று ஓட்டி, எழுதி, பிடிக்கவில்லையென்றால் பழையபடி வைத்துவிடுங்கள். டயரில் தொடங்குங்கள். பிடிப்பில் பாதிக்கு மேல் அதுதான். ஷாக் ஆயில், கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) எல்லாம் பிறகு.

ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் பார்க்க வேண்டியவை: சக்கர நட்டு, தளர்ந்த ஸ்க்ரூ (உலோகத்தில் போகும் ஸ்க்ரூவுக்கு மட்டும் த்ரெட்லாக் பசை), நான்கு ஷாக்கிலும் எண்ணெய் கசிவு, சக்கரம் கையால் சுற்றினால் தடையில்லாமல் சுற்றுகிறதா. மோட்டார் கியரைக் கழற்றி மாட்டினால், அதற்கும் ஸ்பர் கியருக்கும் இடையே ஒரு நோட்டுத் தாள் துண்டை விட்டு அழுத்தி இறுக்குங்கள். தாளை உருவினால் சரியான இடைவெளி நிற்கும்.

8. பேட்டரி

2எஸ் பேட்டரி முழுசாக 8.4 வோல்ட். பேலன்ஸ் முறையில், 5000 எம்.ஏ.எச். பேட்டரிக்கு 5 ஆம்பியர் என்ற கணக்கில் ஏற்றினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆள் பக்கத்தில் இல்லாமல் ஏற்றவே கூடாது. சிமெண்டுத் தரையில், லைப்போ பைக்குள் வைத்து ஏற்றுங்கள். பல பிரஷ்டு ஈ.எஸ்.சி.களில் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்க ஒரு சின்ன ஜம்பர் இருக்கும். அது லைப்போ பக்கம் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். மாறி இருந்தால் பேட்டரி அளவுக்கு மீறி வடிந்து, ஒரே மாலையில் ₹3,000 போய்விடும். பேட்டரி மாற்றும்போதெல்லாம் மோட்டாரைப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். 80 டிகிரியைத் தாண்டவிடக் கூடாது. பைக் சீட்டுக்கு அடியில் வெயிலில் பேட்டரியை வைத்துவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள்.

9. முதல் போட்டி

பெயர் கொடுக்கும் முன் அமைப்பாளர்களிடம் இவற்றை எழுத்தில் கேளுங்கள்: எந்த வகுப்பு, எந்த மோட்டார் எந்த பேட்டரி அனுமதி, நுழைவுக்கட்டணம் திரும்ப வருமா, டிரான்ஸ்பாண்டர் அவர்கள் தருவார்களா. "ஆஃப்-ரோடு 1:10" என்று மட்டும் சொன்னால் போதாது. இரண்டு சக்கர இழுவையா நான்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விதியைப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று பெங்களூருக்கு ரயில் ஏறினால் பரிசோதனை மேஜையிலேயே திரும்ப வேண்டிவரலாம்.

ரயிலில் போவதே சுலபம். திருவனந்தபுரத்திலிருந்து விமானம் என்றால் பேட்டரிகள் கைப்பையில் மட்டும்தான் போக வேண்டும். முனைகளில் டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனிப்பையில் போடுங்கள். 2எஸ் 5000 எம்.ஏ.எச். என்றால் 37 வாட்-ஹவர். பொது வரம்பான 100-க்கு உள்ளேதான் வருகிறது. பேட்டரி மேல் எழுத்து அழிந்திருந்தால் பாதுகாப்புச் சோதனையில் விளக்கிக்கொண்டிருக்க நேரும், அதனால் வாங்கிய பில்லும் கையில் இருக்கட்டும்.

ரேஸ் தொடங்கும்போது முதல் வளைவில் எல்லா வண்டியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஒரு நொடி பொறுத்து, கொஞ்சம் அகலமாகச் சுற்றிப் போங்கள். கீழே விழுந்து கிடப்பவர்களைத் தாண்டியே இரண்டு மூன்று இடம் ஏறிவிடலாம். உங்களைவிட வேகமான வண்டி ஒரு சுற்று முன்னால் வந்து பின்னால் நெருங்கினால், நேர்க்கோட்டில் ஓரம் விட்டு வழி கொடுங்கள். வளைவின் நடுவில் திடீரென்று நகராதீர்கள்.

உங்கள் ரேஸ் முடிந்ததும் அடுத்த ரேஸுக்கு மார்ஷலாக நிற்பது வழக்கம். கவிழ்ந்த வண்டியை நிமிர்த்திவிடும் வேலை. அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். மூடிய செருப்பு, அதாவது ஷூ போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் ஓட்டுபவராக இருக்கும்போது, மார்ஷல் கையில் உங்கள் வண்டி இருக்கிற நேரத்தில் த்ராட்டிலைத் தொடவே கூடாது. சக்கரம் விரலைக் கிழித்துவிடும். நல்ல ஓட்டுநர்கள் எந்த வளைவில் எங்கே த்ராட்டிலை விடுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்க்க மார்ஷல் இடத்தைவிட நல்ல இடம் கிடையாது.

ஊருக்குத் திரும்பிய அன்றே, எவ்வளவு களைப்பாக இருந்தாலும், எல்லா பேட்டரியையும் சார்ஜரில் ஸ்டோரேஜ் முறையில் போட்டு செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்திவிட்டு, நோட்டில் அன்றைய சராசரியை எழுதிவிட்டுத் தூங்குங்கள்.